ஏழைகளை எண்ணிப் பார்த்தவர்
சீபோம் றவுன்றியின் வாழ்வும் பணியும்

ஒரு குடும்பம் ஏழைக் குடும்பமா, இல்லையா என்பதை எதைக் கொண்டு தீர்மானிப்பது? உங்களைக் கேட்டால், அயல் வீடுகளை ஒருமுறை மனத்தில் நினைத்துப் பார்த்து, இன்னார் கஷ்டப்பட்டவர், இன்னார் வசதியானவர் என்று சொல்லிவிடுவீர்கள். ஓர் அரசாங்கத்தினால் அப்படிச் சொல்ல முடியாது. அதற்கு ஒரு கோடு வேண்டும். கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கு உதவி கிடைக்கும். மேலே உள்ளவருக்குக் கிடையாது. கோட்டைச் சற்று உயர்த்தினால் ஏழைகளின் தொகை கூடும்; சற்றுத் தாழ்த்தினால் குறையும். இரண்டிலும் அந்த வீடுகளின் அடுப்பில் வேகும் உணவு ஒரு பிடியேனும் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

ஆகவே, இந்தக் கோட்டை யார் கீறுகிறார், எந்த அளவுகோலை வைத்துக் கீறுகிறார் என்பது சின்ன விஷயமல்ல. ஒரு குடும்பம் உயிர் வாழ என்னென்ன வேண்டும், அவற்றை வாங்க எவ்வளவு பணம் வேண்டும் என்று உணவிலிருந்து தொடங்கிக் கணக்கிட்டு, ஒரு நகரம் முழுவதற்கும் அதைப் பொருத்திக் காட்டியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த சீபோம் றவுன்றி. அவர் பொருளியல் பேராசிரியருமல்லர், அரச அதிகாரியுமல்லர். சொக்கலேற் தொழிற்சாலையொன்றின் முதலாளி. அவருடைய வாழ்வை நீங்கள் அறிந்திருப்பது நல்லது.

தந்தை காட்டிய வழி

சீபோம் றவுன்றி 1871ஆம் ஆண்டு யூலை 7ஆம் திகதி, வட இங்கிலாந்தின் பழம்பெரும் நகரமாகிய யோர்க்கில் பிறந்தார். தந்தையார் ஜோசப் றவுன்றி அந்நகரில் கொக்கோவும் இனிப்பு வகைகளும் செய்யும் தொழிலை நடத்தினார். குடும்பத்தினர் குவேக்கர் சபையைச் சேர்ந்தவர்கள். சடங்குகள் இன்றி மௌனமாகக் கூடிச் செபிப்பவர்கள் அவர்கள். மதுவையும் ஆடம்பரத்தையும் விலக்கி நடந்தார்கள். பணம் ஒருவருக்குப் பொறுப்பாகக் கொடுக்கப்பட்டது என்ற எண்ணம் அவ்வீட்டில் வேரூன்றியிருந்தது.

தந்தையார் சிறுவனாக இருந்தபோது, 1850இல், உருளைக்கிழங்குப் பஞ்சத்தினால் சீரழிந்த அயர்லாந்துக்குச் சென்று அங்குள்ள மக்களின் நிலையைக் கண்ணாரக் கண்டவர். பின்னர் இங்கிலாந்தில் அரச உதவியில் தங்கிவாழ்ந்த வறியவர்களைப் பற்றிய புள்ளிவிபரங்களைத் திரட்டி எழுதினார். வறுமையைக் கண்டு இரங்குவது மட்டும் போதாது, அதன் காரணத்தைத் தேட வேண்டும் என்பது மகனுக்கு வீட்டிலேயே கிடைத்த பாடம்.

மகன் யோர்க்கில் பூத்தம் பாடசாலையிலும், பின்பு மன்செஸ்ரரில் ஓவன்ஸ் கல்லூரியிலும் படித்தார். அங்கே அவர் கற்றது இரசாயனம். 1889இல் தந்தையின் தொழிற்சாலையில் சேர்ந்தார். 1897இல் பணிப்பாளர்களுள் ஒருவரானார். ஞாயிறு தோறும் வளர்ந்தோர் பாடசாலையில் தொழிலாளருக்குக் கற்பித்தும் வந்தார். அங்கே பழகியவர்களின் வீட்டுக் கஷ்டங்கள் அவருக்குத் தெரியாதவையல்ல.

லண்டனில் எழுந்த கேள்வி

அக்காலத்தில் சாள்ஸ் பூத் என்னும் கப்பல் முதலாளி லண்டன் மாநகரின் வறுமையைப் பற்றி ஒரு பெரும் ஆய்வை நடத்திக்கொண்டிருந்தார். அவருடைய முதல் நூல் 1889இல் வந்தது. லண்டன் மக்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 30 பேர் வறுமையில் வாழ்கிறார்கள் என்று அவர் கண்டார். உலகிலேயே செல்வம் கொழித்த நாடு அன்று இங்கிலாந்து. அதன் தலைநகரில் மூவரில் ஒருவர் வறியவரா என்று பலர் திகைத்தார்கள். வேறு சிலர், லண்டன் ஒரு விதிவிலக்கு, எல்லா ஊர்ப் பிச்சைக்காரரும் அங்கேதானே வந்து சேருகிறார்கள் என்று சமாதானம் சொன்னார்கள்.

றவுன்றிக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. யோர்க் பெரிய நகரமுமல்ல, சிறிய ஊருமல்ல. அன்று அதில் ஏறத்தாழ 76,000 பேர் வாழ்ந்தார்கள். புகையிரத வேலைத்தலங்களும் சொக்கலேற் தொழிற்சாலைகளும் அங்கே இருந்தன, பஞ்ச காலமுமல்ல. இப்படிப்பட்ட ஒரு சாதாரண நகரத்தில் எத்தனை பேர் ஏழைகள் என்று பார்த்துவிட்டால் உண்மை தெரிந்துவிடும் என்று எண்ணினார்.

வீடு வீடாக

1899இல் வேலை தொடங்கியது. சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட ஆய்வாளர் ஒருவரும் தொண்டர்களும் தொழிலாளர் வாழ்ந்த ஒவ்வொரு தெருவுக்கும் சென்றார்கள். இத்தனைக்கு ஒரு வீடு என்று தெரிந்தெடுத்துப் பார்க்கவில்லை. கூலித் தொழிலாளர் குடும்பங்கள் அனைத்தையும் பார்த்தார்கள். 11,560 குடும்பங்கள், 46,754 ஆட்கள். வீட்டில் எத்தனை அறை, எத்தனை பேர், வாடகை எவ்வளவு, தண்ணீர்க் குழாய் எத்தனை வீட்டுக்கு ஒன்று என்றெல்லாம் குறித்துக்கொண்டார்கள். சம்பள விபரங்களை நகரின் முக்கிய தொழில் நிறுவனங்களிடமிருந்து றவுன்றி அறிந்துகொண்டார்.

அடுத்தது அளவுகோல். இங்கேதான் அவர் கற்ற இரசாயனம் கைகொடுத்தது. உழைக்கும் மனிதனின் உடம்புக்கு நாளொன்றுக்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்பதை அமெரிக்க விஞ்ஞானி அற்வாற்றர் ஆராய்ந்திருந்தார். அந்தக் கணக்கை எடுத்து, அதைக் கொடுக்கக்கூடிய ஆக மலிந்த உணவு எது என்று றவுன்றி தேடினார். பாண், ஓட்ஸ் கஞ்சி, உருளைக்கிழங்கு, பாற்கட்டி, சிறிது பன்றிக் கொழுப்பிறைச்சி என்று ஒரு பட்டியல் போட்டார். மற்ற இறைச்சி எதற்கும் அதில் இடமில்லை. அக்காலத்து அனாதை விடுதிகளில் வறியவருக்குக் கொடுத்த சாப்பாட்டை விட இது குறைவானதாக இருந்தது.

கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள் கொண்ட குடும்பத்துக்குக் கிழமைக்கு உணவுக்கு 12 சில்லிங் 9 பென்ஸ். வாடகைக்கு 4 சில்லிங். உடுப்பு, விறகு நிலக்கரி, விளக்கு முதலியவற்றுக்கு 4 சில்லிங் 11 பென்ஸ். மொத்தம் 21 சில்லிங் 8 பென்ஸ். 12 பென்ஸ் சேர்ந்தால் ஒரு சில்லிங் என்பது மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

இந்தப் பணத்தில் என்னென்ன இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரு பத்திரிகை வாங்கப் பணமில்லை. தூரத்தில் வேலை செய்யும் மகளுக்குக் கடிதம் போட முத்திரைக்குப் பணமில்லை. பிள்ளைக்கு ஒரு பொம்மை, தகப்பனுக்கு ஒரு சுருட்டு, கோவிலில் போட ஒரு பென்ஸ், ஒன்றுமில்லை. ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் ஈடுசெய்யவும் வழியில்லை. உயிரைப் பிடித்து வைத்திருக்க மட்டுமே அந்தப் பணம் போதும். றவுன்றி வேண்டுமென்றே கோட்டை அவ்வளவு தாழ்வாகக் கீறினார். இதற்கும் கீழே ஒருவர் இருந்தால், அவர் பட்டினி கிடக்கிறார் என்பதை யாரும் மறுக்க முடியாதல்லவா?

கண்டது என்ன?

ஆய்வின் முடிவுகள் 1901இல் நூலாக வந்தன. வருமானம் முழுவதையும் ஒரு காசும் வீணாக்காமல் செலவு செய்தாலும் இந்தக் கோட்டை எட்ட முடியாதவர்கள் 7,230 பேர். இதை முதலாம் நிலை வறுமை என்றார். வருமானம் கோட்டை எட்டினாலும், அதில் ஒரு பகுதி வேறு வழியில் போய்விடுவதால் வறுமையில் கிடப்பவர்கள் மேலும் 13,072 பேர். இது இரண்டாம் நிலை வறுமை. இரண்டையும் கூட்டினால் 20,302 பேர். நகர மக்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 28 பேர். லண்டனுக்கும் யோர்க்குக்கும் பெரிய வித்தியாசமில்லை.

ஏழைகள் குடித்து அழிக்கிறார்கள், சோம்பலாக இருக்கிறார்கள், அதனால்தான் ஏழைகளாக இருக்கிறார்கள் என்பது அன்றைய பொதுவான பேச்சு. இன்றும் அந்தப் பேச்சை நீங்கள் கேட்டிருப்பீர்கள். முதலாம் நிலை வறுமையின் காரணங்களை றவுன்றி பிரித்துப் பார்த்தார். அதில் அகப்பட்டவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர், அதாவது நூற்றுக்கு 52 பேர், குடும்பத் தலைவன் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த வீடுகளைச் சேர்ந்தவர்கள். கூலி போதவில்லை, அவ்வளவுதான். நூற்றுக்கு 22 பேர் பிள்ளைகள் நிறைந்த குடும்பத்தினர். நூற்றுக்கு ஏறத்தாழ 16 பேர் உழைக்கும் ஆளை மரணத்தில் பறிகொடுத்தவர்கள். வேலையில்லாத் திண்டாட்டம் நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு.

இரண்டாம் நிலை வறுமைக்குக் குடி ஒரு பெரிய காரணம் என்பதை மதுவிலக்குக் குடும்பத்தில் பிறந்த றவுன்றி மறைக்கவில்லை. ஆனால், ஈரமும் நெருக்கடியுமான ஓர் அறையில் ஆறு ஏழு பேர் அடைபட்டுக் கிடக்கும்போது, வெளிச்சமும் சூடும் உள்ள தவறணை ஒருவனை ஏன் இழுக்கிறது என்பதையும் யோசிக்கச் சொன்னார்.

ஆக வறிய பகுதியில் பிறந்த 1,000 குழந்தைகளுள் 247 ஒரு வயது நிறையுமுன் இறந்தன. வேலைக்காரர் வைத்துக்கொள்ளும் வசதியுள்ள வீடுகளில் அத்தொகை 94. வறிய வீட்டு 13 வயதுப் பையன், நல்ல கூலி பெறும் தொழிலாளியின் பையனை விட மூன்றரை அங்குலம் கட்டையாக இருந்தான்.

பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1891இல் வெளியிட்ட சுற்றுமடல், அடக்க ஒடுக்கமாக வாழும் ஒரு தொழிலாளியின் சீவியத்துக்குக் கூலி போதுமானதாக இருக்க வேண்டும் என்று கற்பித்திருந்தது. போதுமானது என்றால் எத்தனை சில்லிங்? அந்தக் கேள்விக்குப் பத்து வருடத்தின் பின், வேறொரு சபையைச் சேர்ந்த ஒரு முதலாளி விடை சொன்னார். யோர்க்கில் சாதாரண கூலியாளின் சம்பளம், ஓரளவான குடும்பம் ஒன்று உயிர் வாழவே போதாது என்பதுதான் அந்த விடை.

வாழ்வின் ஐந்து பருவங்கள்

றவுன்றி கண்ட இன்னோர் உண்மையை ஒவ்வொரு குடும்பமும் மனத்தில் வைக்க வேண்டும். ஏழை என்பவர் எப்போதும் ஒரே ஆள் அல்லர். கூலியாளின் வாழ்க்கை ஐந்து பருவங்களாக ஏறி இறங்குகிறது. தான் குழந்தையாக இருக்கும்போது பஞ்சம். தானும் சகோதரங்களும் உழைக்கத் தொடங்கும்போது சற்று வசதி. கலியாணம் முடித்து இரண்டு மூன்று பிள்ளைகள் பிறந்ததும் மறுபடி பஞ்சம். பிள்ளைகள் உழைக்கும்போது மறுபடி வசதி. அவர்கள் கலியாணம் முடித்துப் போக, தனக்கும் வயது போக, மீண்டும் பஞ்சம்.

இதன் கருத்து என்ன? ஒரு நாளில் எண்ணிப் பார்க்கும்போது கோட்டுக்குக் கீழே நிற்பவர் நூற்றுக்கு இத்தனை பேர் என்றால், வாழ்வில் எப்போதாவது அந்தக் கோட்டுக்குக் கீழே விழுந்து எழும்பியவர்களின் தொகை அதைவிட மிகப் பெரியது. அதிலும் பஞ்சம் வரும் பருவங்களைப் பாருங்கள். உடம்பு வளர வேண்டிய குழந்தைப் பருவம், தாய் பிள்ளை பெறும் பருவம், உடம்பு தளரும் முதுமைப் பருவம். சாப்பாடு எப்போது ஆக அவசியமோ, அப்போதுதான் அது குறைகிறது.

சட்டமான கணக்கு

புதிதாகப் பாராளுமன்றம் புகுந்திருந்த இளைஞர் வின்ஸ்ரன் சேர்ச்சில் இந்த நூலைப் படித்து மனங்கலங்கினார். லொயிட் ஜோர்ஜ் இதன் எண்களைக் கூட்டங்களில் எடுத்துச் சொன்னார். பின்னர் றவுன்றியின் நண்பருமானார். 1908இல் முதியோர் உதவிப்பணச் சட்டம் வந்தது. வருமானம் குறைந்த, 70 வயது நிறைந்த முதியவருக்குக் கிழமைக்கு 5 சில்லிங் வரை கொடுக்கப்பட்டது. 1911இல் நோய்க்கும் வேலையின்மைக்கும் காப்புறுதி வந்தது. இவையெல்லாம் ஒரு நூலினால் மட்டும் வந்தவையல்ல. ஆனாலும், வறுமை சோம்பேறியின் குற்றம் என்ற வாதத்தின் கால்களை அந்த நூல் முறித்துவிட்டது.

தன் தொழிற்சாலையிலும் றவுன்றி சும்மா இருக்கவில்லை. 1906இல் தொழிலாளருக்கு ஓய்வூதியத் திட்டமும், 1919இல் கிழமைக்கு ஐந்து நாள் வேலையும் அங்கே வந்தன. முதலாம் உலக யுத்த காலத்தில், 1915இல், ஆயுதத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களின் நலன் பார்க்கும் பகுதிக்கு லொயிட் ஜோர்ஜ் அவரைப் பொறுப்பாக வைத்தார். அத்தொழிலாளருள் பெருந்தொகையானவர் பெண்கள். 1923 முதல் 1941 வரை தன் கம்பனியின் தலைவராக இருந்தார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்நாளில் றவுன்றி, காட்பரி, ஃபிறை என்னும் மூன்று குவேக்கர் கம்பனிகளுக்கும் வந்த கொக்கோவில் ஒரு பங்கு, போர்த்துக்கேயரின் ஆபிரிக்கத் தீவாகிய சாவோ தொமேயில் அடிமைகளைப் போல் நடத்தப்பட்ட கூலிகள் பயிரிட்டது. 1909இல்தான் மூன்று கம்பனிகளும் அந்தக் கொக்கோவைக் கைவிட்டன. யோர்க்கின் 11,560 குடும்பங்களை எண்ணிய ஏட்டில் அந்தத் தீவின் குடும்பங்களுக்கு இடமிருக்கவில்லை. எந்தக் கணக்கெடுப்பானாலும், எண்ணப்படாமல் வெளியே நிற்பவர் யார் என்று நாம் கேட்பதற்கு இது ஒரு காரணம்.

கோட்டை மாற்றிக் கீறினார்

றவுன்றி மீண்டும் 1936இல் யோர்க்கை ஆராய்ந்தார். அப்போது அவருக்கு 65 வயது. 1899இல் கீறிய கோட்டை அப்படியே வைத்துப் பார்த்தால், தொழிலாளர் குடும்பத்தினருள் நூற்றுக்கு 7 பேர்கூட முதலாம் நிலை வறுமையில் இல்லை. வேறொருவராக இருந்தால் வறுமை ஒழிந்தது என்று அறிவித்து வீடு திரும்பியிருப்பார். றவுன்றி அப்படிச் செய்யவில்லை. மனிதன் உயிரோடு கிடந்தால் மட்டும் போதுமா என்று கேட்டார். பத்திரிகை, வானொலி, முத்திரை, பிள்ளைகளுக்குச் சின்னப் பரிசு, சிறிது கைச்செலவு எல்லாவற்றையும் சேர்த்துப் புதிய கோடொன்றைக் கீறினார். வாடகை நீங்கலாக ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்குக் கிழமைக்கு 43 சில்லிங் 6 பென்ஸ். அந்தக் கோட்டின்படி தொழிலாளர் குடும்பத்தினருள் நூற்றுக்கு 31 பேர் வறுமையில் இருந்தார்கள்.

ஒரே நகரம், ஒரே வருடம், இரண்டு கோடுகள். ஒன்று 7 என்கிறது, மற்றது 31 என்கிறது. வறுமை குறைந்துவிட்டது என்று எந்த அரசாங்கம் அறிவித்தாலும், எந்தக் கோட்டின்படி என்று நாம் கேட்க வேண்டியது இதனால்தான்.

இரண்டாம் உலக யுத்தத்தின் நடுவே வில்லியம் பெவரிட்ஜ் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தைத் தீட்டியபோது, உதவிப்பணம் எவ்வளவாக இருக்க வேண்டும் என்று ஆராய்ந்த உபகுழுவில் றவுன்றியும் இருந்தார். 1942இல் வந்த அந்த அறிக்கை, அவருடைய புதிய கோட்டை விட இறுக்கமான அளவையே ஏற்றது. அவர் நெடுங்காலமாகக் கேட்டுவந்த பிள்ளைகளுக்கான குடும்பப் படி 1946இல் நடைமுறைக்கு வந்தது.

1950இல் மூன்றாம் முறை யோர்க்கை எண்ணினார். இம்முறை தொழிலாளர் குடும்பத்தினருள் வறுமையில் இருந்தவர் நூற்றுக்கு மூவர்கூட இல்லை என்று கண்டார். அவர்களிலும் மூன்றில் இரு பங்குக்கு மேற்பட்டோரின் வறுமைக்குக் காரணம் முதுமை. 1954 ஒக்டோபர் 7ஆம் திகதி, 83ஆவது வயதில், றவுன்றி காலமானார்.

அவருக்குப் பின்

மூன்றாம் ஆய்வைக் கேட்டு, இங்கிலாந்தில் வறுமை முடிந்துவிட்டது என்று பலர் நம்பினார்கள். 1965இல் பிறையன் ஏபெல் சிமித், பீற்றர் ரவுன்சென்ட் என்னும் இரு அறிஞர்கள் அந்த நம்பிக்கையைக் கலைத்தார்கள். தன்னைச் சுற்றியுள்ளவர்கள் வழமையாக வாழும் வாழ்வில் பங்குகொள்ள முடியாமல் ஒதுக்கப்பட்டவரும் ஏழைதான் என்று ரவுன்சென்ட் வாதிட்டார். அமெரிக்காவில் 1960களில் மொலி ஒர்ஷான்ஸ்கி என்னும் அரச உத்தியோகத்தர், மலிவான உணவுச் செலவை மூன்றால் பெருக்கி ஒரு கோட்டைக் கீறினார். அதுவே அந்நாட்டு அரசின் கோடாயிற்று. உலக வங்கி 1990இல் நாளொன்றுக்கு ஒரு டொலர் என்ற கோட்டைக் கொண்டுவந்தது. பின்னர் அதைப் பலமுறை உயர்த்தியது.

எமது நாட்டிலும் இதே வழிதான். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2004இல் அறிவித்த உத்தியோகபூர்வ வறுமைக் கோடு, ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,030 கலோரி தரும் உணவின் செலவிலிருந்து தொடங்கி, பிற தேவைகளையும் சேர்த்துக் கணக்கிடப்பட்டது. 2002ஆம் ஆண்டு விலைப்படி அது ஆளொன்றுக்கு மாதம் 1,423 ரூபா. பிற்காலத்தில் அந்தக் கணக்கு புதுப்பிக்கப்பட்டது. யோர்க்கில் ஓட்ஸ் கஞ்சியை நிறுத்துப் பார்த்த அந்த முறையின் வழித்தோன்றல்தான் இது.

ஆகவே, வறுமை இத்தனை வீதம் என்று பத்திரிகையில் படிக்கும்போது அந்த எண்ணோடு நின்றுவிடாதீர்கள். அந்தக் கோட்டில் நிற்கும் குடும்பம் மகளுக்கு ஒரு கடிதம் போட முடியுமா? பிள்ளையைச் சுற்றுலாவுக்கு அனுப்ப முடியுமா? செத்த வீட்டுக்கு பஸ் ஏறிப் போக முடியுமா? இவற்றுக்கெல்லாம் இல்லை என்பது விடையானால், அந்தக் கோடு பட்டினிக் கோடேயன்றி வாழ்க்கைக் கோடல்ல. றவுன்றி தன் இளவயதில் முதலாவது கோட்டைக் கீறினார். அது போதாது என்று 65ஆவது வயதில் தானே அதை அழித்துக் கீறினார்.